ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா எப்படிப் பிழைக்கிறது? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் ஹார்ட் டிஸ்க்கின் ஆயுள் பற்றி எழுதியதிலிருந்து ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டிப் பயன்படுத்தும் ஏற்பாடு, 0, 1, 5, 6, 10 எல்லாம் அதன் வகைகள்) பற்றிய கேள்விகள்தான் அதிகம் வருகின்றன. அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறேன் சார். நாலு 8 டிபி டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) ஒன்று வாங்கினேன். ரெய்டு 5 போட்டுக் கொடுத்தவர், எந்த டிஸ்க் போனாலும் ஒரு படம்கூட அழியாது என்றார். ஆனால் 32 டிபிக்குப் பதில் 24 டிபிதான் கிடைக்கும் என்கிறார், கம்ப்யூட்டரில் பார்த்தால் அதுவும் 21.8 என்றுதான் இருக்கிறது. ஒரே ஒரு டிஸ்க்கின் இடத்தைக் கொடுத்துவிட்டு நாலையும் எப்படிக் காப்பாற்ற முடியும்? (வாசகர், ஈரோடு)

நாலையும் காப்பாற்றாது. நாலில் ஏதாவது ஒன்று போனால் அதில் இருந்ததை மட்டும் மீட்டுக் கொடுக்கும். எது போகப்போகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டியதில்லை, அதுதான் அதன் பெருமை.

நீங்கள் ஒரு படத்தை உள்ளே போடும்போது அது துண்டு துண்டாக வெட்டப்பட்டு மூன்று டிஸ்க்குகளில் எழுதப்படுகிறது. நாலாவதில், அந்த மூன்று துண்டுகளையும் வைத்துக் கணக்கிட்ட ஒரு துண்டு எழுதப்படுகிறது. அதற்குப் பெயர் பாரிட்டி. மளிகைக் கடை பில்லில் மூன்று சாமானும் கீழே மொத்தமும் இருக்கிறது, ஈரம் பட்டு ஒரு சாமானின் விலை மட்டும் அழிந்துவிட்டது என்றால் மொத்தத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்துக் கண்டுபிடித்துவிடுவோம் இல்லையா, அதே வழிதான். கம்ப்யூட்டர் கூட்டிக் கழிப்பதில்லை, அதைவிடச் சுலபமான ஒன்றைச் செய்கிறது: நேர்கீழாக வரும் பிட்டுகளில் (0 அல்லது 1) எத்தனை 1 இருக்கிறது என்று பார்த்து, ஒற்றைப்படையாக இருந்தால் 1, இரட்டைப்படையாக இருந்தால் 0 என்று எழுதி வைக்கிறது.

ஒரு சின்ன உதாரணம். மூன்று டிஸ்க்கில் முறையே 1011, 0110, 1100 என்று இருக்கட்டும். முதல் இடத்தில் 1, 0, 1, அதாவது இரண்டு 1, இரட்டைப்படை, எனவே 0. இப்படியே நாலு இடத்துக்கும் பார்த்தால் பாரிட்டி 0001 என்று வரும். இப்போது இரண்டாவது டிஸ்க் போய்விட்டது. கையில் இருப்பது 1011, 1100, பாரிட்டி 0001. அதே ஒற்றை இரட்டைக் கணக்கை இந்த மூன்றுக்கும் போடுங்கள், 0110 வரும். காணாமல் போன துண்டு அப்படியே திரும்பி வந்துவிட்டது. எந்தத் துண்டை மறைத்தாலும் இதே கணக்குதான், பேப்பரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், நம்பிக்கை வந்துவிடும். டிஸ்க் போன பிறகும் உங்கள் படங்கள் திறப்பதற்குக் காரணம் இதுதான்: இல்லாத துண்டை நாஸ் ஒவ்வொரு முறையும் அந்த நொடியிலேயே கணக்குப் போட்டு உங்களுக்குக் காட்டுகிறது. அதனால் வேகம் குறையும், ஆனால் படம் வரும்.

பாரிட்டி முழுவதும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் எதை எழுதினாலும் அந்த டிஸ்க்கையும் தொட வேண்டியிருக்கும், அது ஒன்றே எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும். எனவே ரெய்டு 5இல் பாரிட்டி வரிசைக்கு வரிசை வேறு வேறு டிஸ்க்கில் போய் உட்காரும். மொத்தத்தில் ஒரு டிஸ்க் அளவு இடம் அதற்குப் போகிறது, உங்கள் 24 டிபிக்குக் கணக்கு அதுதான். 21.8 என்பது வேறு விஷயம். டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1024ஆக எண்ணுகிறது. உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

இது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் பதில்களுக்கெல்லாம் அதுதான் அடிப்படை. 1988இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். அன்றைக்குப் பெரிய கம்ப்யூட்டர்களில் இருந்தது ஐபிஎம் 3380 என்ற ராட்சச டிஸ்க், 7,500 எம்பி. பிசிக்களுக்கு வந்த கானர் டிஸ்க் வெறும் 100 எம்பி. சின்னதையெல்லாம் சேர்த்துக் கட்டினால் செலவும் குறையும் வேகமும் கூடும் என்பது அவர்கள் வாதம். ஆனால் அவர்களே போட்ட கணக்கு பயமுறுத்தியது: ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், 100 டிஸ்க் சேர்ந்த கட்டில் சராசரியாக 300 மணி நேரத்தில் ஏதோ ஒன்று போய்விடும். இரண்டு வாரம்கூட இல்லை! டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட எங்காவது ஒன்று போகும் வாய்ப்பும் கூடுகிறது, அந்த ஆபத்தைச் சமாளிக்கத்தான் கூடுதல் டிஸ்க், பாரிட்டி எல்லாம். ஒன்று போகும் என்று எதிர்பார்த்தே கட்டப்பட்ட ஏற்பாடு இது.

கேள்வி: ஆடிட்டர் ஆபீஸ். மொத்த ஃபைலும் சேர்த்து 2 டிபிகூட வராது. ரெய்டு 1, 5, 6, 10 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் போடுவது? (வாசகர், திருச்சி)

ரெய்டு 1. இரண்டு 4 டிபி டிஸ்க் வாங்கி ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுத விடுங்கள், போதும். கணக்கு ஏதும் இல்லை, ஒன்று போனால் இன்னொன்றில் எல்லாமே முழுசாக இருக்கும், புதியது போட்டால் நேராகக் காப்பி ஆகிவிடும்.

மற்றவை இடம் நிறைய வேண்டியவர்களுக்கு. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போவதைத் தாங்கும். ரெய்டு 6 இரண்டாவதாக இன்னொரு வகைக் கணக்கையும் எழுதி வைப்பதால் எந்த இரண்டு போனாலும் தாங்கும், இடம் இரண்டு டிஸ்க் அளவு போகும். ரெய்டு 10 என்பது ஜோடி ஜோடியாகக் காப்பி எடுத்து அந்த ஜோடிகளைச் சேர்ப்பது. பாதி இடம் போய்விடும், ஆனால் வேகம் நன்றாக இருக்கும், டேட்டாபேஸ் ஓடும் சர்வருக்கு அதைத்தான் சொல்வேன். அதிலும் இரண்டு டிஸ்க் போய் அந்த இரண்டும் ஒரே ஜோடியாக இருந்துவிட்டால் எல்லாம் போச்சு. ரெய்டு 0 என்று ஒன்றை யாராவது சொன்னால் உங்கள் ஆபீஸ் பக்கமே விடாதீர்கள், அதில் பாதுகாப்பே கிடையாது, ஒன்று போனால் அத்தனையும் போகும்.

கேள்வி: அச்சகம் நடத்துகிறோம். சர்வரில் ஆறு 4 டிபி டிஸ்க், ரெய்டு 5. ஒன்று போனது, அன்றைக்கே புதியது வாங்கிப் போட்டோம். ரீபில்ட் 70 சதவீதம் வந்தபோது இன்னொரு டிஸ்க்கும் போய்விட்டது. டிசைன் ஃபைல் எல்லாம் போச்சு. சர்வரை விற்றவர் 'இது லட்சத்தில் ஒருவருக்கு நடக்கும்' என்கிறார். நிஜமா? (வாசகர், சிவகாசி)

இல்லை. நிறையப் பேருக்கு நடக்கிறது. அப்படிச் சொல்லி உங்களை அவர் ஆறுதல்படுத்தியிருக்கலாம், ஆனால் அந்தப் பதிலை நம்பி அடுத்த சர்வரையும் அதே மாதிரி போட்டுவிடாதீர்கள்.

ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் போனதும் உங்களுக்கு மிச்சமிருப்பது பாதுகாப்பே இல்லாத ஐந்து டிஸ்க். ரீபில்ட் என்றால் அந்த ஐந்தையும் முதல் செக்டாரிலிருந்து (டிஸ்க்கில் படித்து எழுதும் சின்னஞ்சிறு பகுதி) கடைசி செக்டார் வரை ஒன்று விடாமல் படித்து, ஆறாவதில் எழுத வேண்டும். ஐந்து நான்கு இருபது, 20 டிபி. ஒரு டிஸ்க்குக்கு நொடிக்கு 150 எம்பி என்று வைத்துக்கொண்டாலும் ஏழரை மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும், நடுவில் ஆபீஸ் வேலையும் நடந்தால் ஒரு நாள், இரண்டு நாள் என்று இழுக்கும். வருடக்கணக்கில் ஓடிக் களைத்த டிஸ்க்குகளுக்கு வாழ்நாளிலேயே கடுமையான வேலை அன்றைக்குத்தான் வருகிறது.

அப்புறம் இன்னொன்று. சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், படிக்க முடியாத பிழை 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒன்றுக்கு மேல் வராது என்று ஒரு வரி இருக்கும். கணக்குப் போட்டால் அது 12.5 டிபி. நீங்கள் படிக்க வேண்டியது 20. அந்த எண் ஒரு உச்சவரம்புதான், நிஜத்தில் நல்ல டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே படிக்கின்றன, எனவே 20 டிபி படித்தால் கட்டாயம் பிழை வரும் என்று சொல்லிப் பயமுறுத்துவதும் தவறு. ஆனாலும், யாரும் இரண்டு வருடமாகத் திறக்காத ஏதோ ஒரு ஃபைலின் மூலையில் ஒரு செக்டார் கெட்டுப்போய்க் கிடந்தால் அது தெரியவருவது ரீபில்ட் அன்றைக்குத்தான். சில கன்ட்ரோலர்கள் (டிஸ்க்குகளைச் சேர்த்து ரெய்டை நடத்தும் பாகம்) அந்த ஒரு செக்டாருக்காக மொத்த ரீபில்டையும் நிறுத்திவிடும். உங்கள் இரண்டாவது டிஸ்க் நிஜமாகவே செத்துவிட்டதா, இப்படி ஒரு செக்டாரில் தடுக்கி வெளியே தள்ளப்பட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இரண்டாவது என்றால் இன்னும் மீட்க வழி உண்டு.

மூன்றாவது காரணத்தைத்தான் விற்பவர்கள் சொல்வதே இல்லை. ஆறு டிஸ்க்கும் ஒரே நாளில், ஒரே கடையில், அனேகமாக ஒரே பேட்ச்சில் வாங்கியிருப்பீர்கள். ஒரே பெட்டிக்குள் ஒரே சூட்டில், ஒரே அதிர்வில், ஒரே அளவு நேரம் ஓடியிருக்கின்றன. ஒன்று போன காரணம் மற்றதற்கும் பொருந்தும். 2007இல் பியாங்கா ஷ்ரோடரும், மேலே சொன்ன அதே கார்த் கிப்சனும் சுமார் 1,00,000 டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். விவரத்தாளின்படி வருடத்துக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாத டிஸ்க்குகள் நிஜத்தில் 2 முதல் 4 சதவீதம் வரை மாற்றப்பட்டிருந்தன, சில இடங்களில் 13 சதவீதம்கூட. அதைவிட முக்கியமாக, டிஸ்க் போவது தனித்தனி சம்பவமாக இல்லை, ஒன்று போன பிறகு அடுத்தது போகும் வாய்ப்பு கூடுவதைக் கண்டார்கள். ரெய்டைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார் என்பதை விற்றவரிடம் சொல்லுங்கள்.

இதன் உச்சம் 2019 நவம்பரில் நடந்தது. ஹெச்பிஇ நிறுவனம் தன் சர்வர்களுக்கான சில எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) மாடல்களில் ஒரு ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) பிழை இருப்பதாக அறிவித்தது: சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரத்தில், அவை நின்றுவிடும், உள்ளே இருந்த டேட்டாவும் போய்விடும். ஒரே நாளில் பொருத்தப்பட்டவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும். அப்போது ரெய்டு 6 போட்டிருந்தால்கூடப் பயனில்லை, ஃபர்ம்வேரைப் புதுப்பித்தவர்கள்தான் தப்பினார்கள்.

சரி, அடுத்த முறை என்ன செய்வது? ஆறு டிஸ்க்குக்கு ரெய்டு 6. டிஸ்க்குகளை இரண்டு மூன்று கடையில் பிரித்து வாங்குங்கள். மாதம் ஒருமுறை ஸ்க்ரப் ஓட விடுங்கள், யாரும் தொடாத செக்டார்களையும் அது படித்துப் பார்த்து, கெட்டது இருந்தால் பாரிட்டியிலிருந்து சரிசெய்துவிடும், பெரும்பாலான நாஸ் பெட்டிகளில் மெனுவிலேயே இருக்கிறது, ஆனால் தானாக ஆன் ஆகியிருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு டிஸ்க் போனால் ஓடிப்போய்ப் புதியதைச் செருகாமல், முதலில் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். ரெய்டு அந்த நிலையிலும் படிக்கக் கொடுக்கும், அந்த அவகாசத்துக்காகத்தான் அது இருக்கிறது. காப்பி முடிந்த பிறகு ரீபில்ட்.

இன்னொன்றையும் பாருங்கள். முதல் டிஸ்க் நிஜமாகவே அன்றைக்குத்தான் போனதா? நடந்ததையெல்லாம் சர்வர் பதிந்து வைக்கும் லாகைத் திறந்து தேதியைப் பாருங்கள். எனக்கு வரும் கடிதங்களில் பல இப்படித்தான் முடிகின்றன: முதல் டிஸ்க் எட்டு மாதத்துக்கு முன்பே போயிருக்கும், பீப் சத்தம் தொல்லையாக இருக்கிறதென்று யாரோ பஸ்ஸரை அணைத்திருப்பார்கள், ஆரஞ்சு விளக்கு மேசைக்கடியில் எரிந்துகொண்டிருந்திருக்கும். எல்லாம் வழக்கம்போல் வேலை செய்வதால் யாருக்கும் தெரியாது. லினக்ஸ் சர்வர் என்றால் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் (/proc/mdstat) கோப்பைத் திறந்து பாருங்கள், சதுர அடைப்புக்குள் டிஸ்க்குக்கு ஒன்றாக யு என்ற ஆங்கில எழுத்து நிற்கும். யுயுயுயுயுயு என்று ஆறும் இருந்தால் சரி. எங்காவது யு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அடிக்கோடு தெரிந்தால் அந்த டிஸ்க் வரிசையில் இல்லை, நீங்கள் பாதுகாப்பில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். இதைத் தினமும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால் மெயில் எச்சரிக்கையை வைத்து, சோதனை மெயில் ஒன்று அனுப்பி, அது உங்கள் போனில் வந்து விழுவதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ரெய்டு 6 போட்டாயிற்று. இனிமேல் தனியாக பேக்கப் எதற்கு? (வாசகர், மதுரை)

டிஸ்க் கெடுவது ஒன்றுதான் ரெய்டுக்குத் தெரிந்த ஆபத்து. நீங்கள் ஒரு ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் விசுவாசமாக அழித்துவிடும். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற வைரஸ் க்யூநாப் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து, ஃபைல்களையெல்லாம் பாஸ்வேர்டு போட்ட 7-ஜிப் பொட்டலமாகக் கட்டிவிட்டுப் பணம் கேட்டது. அங்கே ஒரு டிஸ்க்கும் கெடவில்லை, ரெய்டு எந்த எச்சரிக்கையும் கொடுக்கக் காரணமில்லை. அதே வருடம் மார்ச் 10ஆம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து ஒரு கட்டிடம் முழுதாக எரிந்தது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் அதையும் சேர்த்து இழந்தார்கள்.

எனவே மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்றால் வேறு அறை இல்லை, வேறு வீடு, வேறு தெரு. அந்தப் பிரதி எப்போதும் நெட்வொர்க்கில் இணைந்தே இருந்தால் வைரஸ் அதற்கும் போகும், காப்பி முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள்.

பேக்கப் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு இருப்பதும் போதாது. 2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், அழிக்க வேண்டிய சர்வர் என்று நினைத்து நிஜ டேட்டாபேஸ் இருந்த சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். தினசரி பேக்கப்பைத் தேடினால் அது வெகுநாளாக எடுக்கப்படவே இல்லை, மென்பொருளின் பதிப்புப் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, தோற்றதைச் சொல்லும் மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் உலகத்துக்கே வெளியிட்டார்கள், அந்த நேர்மைக்கு அவர்களை மதிக்கிறேன். நீங்கள் மாதம் ஒரு ஃபோல்டரையாவது பேக்கப்பிலிருந்து திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள்.

கேள்வி: நாஸ் டிஸ்க் விலை அதிகம். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்கே போட்டால் என்ன? (வாசகர், நாகர்கோவில்)

ஓடும். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கும். டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், தனியாக இருக்கும் டிஸ்க்குக்கு அது நல்ல குணம். ரெய்டில் கன்ட்ரோலர் அவ்வளவு நேரம் காத்திராது, டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டி வெளியே தள்ளிவிடும். நாஸ் டிஸ்க் ஏழு நொடியளவில் கைவிட்டு 'முடியவில்லை' என்று சொல்லிவிடும், ரெய்டு உடனே பாரிட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, எஸ்எம்ஆர். டிஸ்க்கில் டேட்டா எழுதும் தடங்களை ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி நெருக்கி எழுதும் முறை. படிக்க நன்றாகத்தான் இருக்கும், தொடர்ந்து எழுதச் சொன்னால் மூச்சுத் திணறும், ரீபில்ட் என்பது தொடர்ந்து எழுதுவதேதான். நாஸ் டிஸ்க் என்ற பெயரை மட்டும் நம்பவும் முடியாது, 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்று ஒப்புக்கொண்டது, அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத வழக்கமான முறை) மாடல்களை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். வாங்கும்போது மாடல் எண்ணைப் பார்த்து, சிஎம்ஆர் என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் கரண்ட் அடிக்கடி போகும். ரெய்டுக்கு ஏதாவது ஆகுமா? (வாசகர், தர்மபுரி)

ஆகலாம். டேட்டாத் துண்டை எழுதி முடித்து, பாரிட்டியை எழுதுவதற்குள் கரண்ட் போனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நின்றுவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிற்பாடு ஒரு டிஸ்க் போய், அந்தத் தவறான பாரிட்டியை வைத்துக் கணக்குப் போடும்போது குப்பைதான் வரும். பெரிய சர்வர் கன்ட்ரோலர்களில் இதற்காகவே பேட்டரி வைத்த கேஷ் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் நினைவகம்) இருக்கிறது, இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பழைய துண்டின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதி இந்தச் சிக்கலையே தவிர்க்கிறது. உங்களுக்கு யுபிஎஸ் போதும், ஆனால் அதன் யுஎஸ்பி வயரை நாஸில் செருகி, பேட்டரி தீரும் முன் தானாக அணையும்படி வையுங்கள். வெறுமனே கரண்ட் கொடுக்கும் யுபிஎஸ் பாதி வேலைதான் செய்கிறது.

கேள்வி: அவசரம் சார். ரெய்டு 5 நாஸில் இரண்டு டிஸ்க்கில் சிவப்பு விளக்கு. திரையில் 'புதிதாக அமைக்கவா' என்று கேட்கிறது. பேக்கப் இல்லை. என்ன செய்ய? (வாசகர், கோவை)

இந்தக் கேள்விக்கு மெயிலிலேயே பதில் போட்டுவிட்டேன், மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயும். 'ஆம்' என்று அழுத்தாதீர்கள். பெட்டியை அணையுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு டிஸ்க்கிலும் டேப் ஒட்டி இடமிருந்து 1, 2, 3, 4 என்று எழுதுங்கள், வரிசை தெரியாமல் போனால் மீட்பது பல மடங்கு கஷ்டம். ஒன்றைக் கழற்றிப் போட்டு, இன்னொன்றை மாற்றிப் போட்டு என்று முயற்சி செய்யாதீர்கள். முதலில் போன டிஸ்க்கில் இருப்பது பழைய நிலை, இரண்டாவதாகப் போனதில்தான் புதிய நிலை இருக்கும், எனவே எது எப்போது போனது என்பது முக்கியம். லினக்ஸ் தெரிந்தவர் இருந்தால் ஒவ்வொரு டிஸ்க்கையும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைக் கொண்டு வேறு நல்ல டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுத்து, நகலை வைத்து மட்டும் முயற்சி செய்யட்டும், மூலத்தில் ஒரு பிட் கூட எழுதக்கூடாது. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் நகலெடுப்பதற்காகக்கூடக் கரண்ட் கொடுக்காதீர்கள், ரெக்கவரி செய்பவர்களிடம் நேராகக் கொண்டுபோங்கள். போகும்போது நாலு டிஸ்க்கையும் கொண்டுபோங்கள், கெட்டது என்று நினைப்பதையும் சேர்த்து. இதுவரை எந்தப் பட்டனை எல்லாம் அழுத்தினீர்கள் என்று மறைக்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.